தொழில்நுட்பம் வெறும் கத்திதானா? ஒரு வேலை விஷயமாகக் கேட்கிறேன்

கெடிலக்கரை:

வணக்கம். இவ்வளவு நாளும் படிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூர் முதுநகர் பக்கம் எங்கள் ஊர். அப்பா ஃபைபர் படகு வைத்திருக்கிறார். நான் படித்துவிட்டுப் புதுச்சேரியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இப்போது அங்கே ஒரு புது வேலை வந்திருக்கிறது, மீன் எங்கே கிடைக்கும் என்று சொல்லும் ஆப். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் இதை ஏற்கெனவே பல வருஷமாகச் செய்துவருகிறது. செயற்கைக்கோள் கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும் நீரின் பச்சை நிறத்தையும் பார்க்கும். பச்சை என்றால் நுண்பாசி, பாசி இருந்தால் அதைத் தின்னச் சின்ன மீன் வரும், சின்ன மீனைத் தின்னப் பெரிய மீன் வரும், அவ்வளவுதான் கணக்கு. அந்த அறிவிப்பு எல்லாருக்கும் இலவசம், மேகம் மூடினால் கிடையாது, மீன்பிடித் தடைக்காலத்தில் கிடையாது.

எங்கள் கம்பெனி நினைப்பது அதற்கும் மேலே. படகுகளில் இருக்கும் எக்கோ சவுண்டர், அதாவது ஒலியை அனுப்பித் தண்ணீருக்கு அடியில் மீனைக் காட்டும் கருவி, அதன் பதிவுகளையெல்லாம் விலைக்கு வாங்கி, கணினிக்குக் கற்றுக்கொடுத்து, இந்த இடம், இந்த ஆழம், இந்த நேரம், இந்த மீன் என்று சொல்லிவிடுவது. பணம் கட்டுபவருக்கு மட்டும்.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏன்டா, மீன் ஒளிஞ்சுக்க ஒரு இடமாவது விட மாட்டீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

ஆபீசில் மேலாளரிடம் சொன்னால் வழக்கமான பதில்தான்: தொழில்நுட்பம் கத்தி மாதிரி, காய் நறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம், அது பிடித்திருப்பவன் கையைப் பொறுத்தது, செய்து கொடுத்த கொல்லனைக் குறை சொல்லாதே. கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அணு, மரபணுத் திருத்தம், செயற்கை நுண்ணறிவு என்று எதை எடுத்தாலும் எல்லாரும் இதே பதிலைத்தான் சொல்கிறார்கள் என்பதால் எனக்குச் சந்தேகம் வருகிறது. மனிதன் கையில் சக்தி கூடிக்கொண்டே போவதில் ஏதாவது தப்பு இருக்கிறதா, இல்லை பயன்படுத்தும் விதத்தில் மட்டும்தான் தப்பா? "வேலையை விட்டுவிடு", "பேசாமல் சம்பளத்தை வாங்கு" இந்த இரண்டும் வேண்டாம், அதை வீட்டிலேயே கேட்டுவிட்டேன்.

-----

சுரங்கத்து மனுஷன்:

தம்பி, நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், அதனால் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கருப்பாக ஏதோ வந்தது. அதற்கு 20 வருஷத்துக்கு மேல் கழித்து 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார், 1962-ல் முதல் மின்சாரம் வந்தது. அதற்கு முன்னால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இருட்டினால் சிம்னி விளக்கு, பிரசவம் என்றால் மாட்டு வண்டி. இந்த மண்ணுக்கு அடியில் பெரிய அழுத்தத்தோடு ஊற்று நீர் நிற்கிறது, அதை ராத்திரி பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து மேலே வந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் மனுஷன் நுழைந்து கரி எடுத்து வெளிச்சம் கொண்டுவந்தான். ஒரு மாடிக் கட்டடம் நடந்து போவதுபோல் அந்த வாளிச் சக்கர எந்திரம் போகும், முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, இப்போது நினைத்தாலும் சிலிர்க்கும். சக்தி கூடுவது தப்பு என்று சொல்பவர்கள் ஃபேன் காற்றில் உட்கார்ந்துதான் சொல்கிறார்கள்.

உன் ஆப் விஷயம். நீ எழுதாவிட்டால் வேறு ஒருவன் எழுதப் போகிறான். கடலைத் தெரிந்த வீட்டுப் பிள்ளை எழுதினால் கொஞ்சம் நியாயமாக இருக்கும். எழுது.

-----

குருசுகுப்பம்:

ஐயா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் கத்திக் கதையை நான் ஏற்க மாட்டேன். எங்கள் ஊர்க் கடற்கரையையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

புதுச்சேரியில் இப்போது 20 வயசு இருப்பவர்களுக்கு ஒரு காலத்தில் காந்தி சிலைக்கு எதிரே அகலமாக மணல் இருந்தது என்றால் நம்ப மாட்டார்கள். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகம் கட்டினார்கள், கடலுக்குள் இரண்டு கற்சுவர் நீட்டினார்கள். நம் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, அலையோடு நடந்துகொண்டே இருக்கும். வருஷத்தில் அதிக மாதம் தெற்கிலிருந்து வடக்கே போகும், வாடைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும், மொத்தக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். சுவர் அதை மறித்தது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்கே ஊருக்கு முன்னால் இருந்த மணலைக் கடல் எடுத்துக்கொண்டு போனது, புதிதாக எதுவும் வந்து சேரவில்லை. சரி என்று கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பித்தது, அதற்கு அடுத்த குப்பம் அரித்தது. அங்கே கொட்டினால் அதற்கும் அடுத்தது. இப்படியே எல்லை தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வரைக்கும் போய்விட்டது.

இதில் யார் கத்தியைத் தப்பாகப் பிடித்தார்கள், சொல்லுங்கள். துறைமுகத்தைத் துறைமுகமாகத்தான் பயன்படுத்தினார்கள், கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. நல்ல நோக்கம், சரியான பயன்பாடு, ஆனாலும் கட்டுமரம் இழுத்து வைக்க இடமில்லாமல் போனது, வீடு போனது. அதுவும் துறைமுகத்தால் லாபம் பார்த்தவனுக்கு இல்லை, அந்தத் துறைமுகத்தை எட்டிக்கூடப் பார்க்காத குப்பத்துக்காரனுக்கு. அடிபட்டவன் பக்கத்திலேயே இருந்தால் வெட்டியவனுக்கு அது தெரிந்துவிடும். சக்தி பெரிதாகும்போது அடி தூரத்தில் போய் விழுகிறது, விழுகிற இடத்தில் இருப்பவன் பேர்கூட இவனுக்குத் தெரியாது. கத்தி வாதம் மறைப்பது இதைத்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த மணலை எடுத்து வடக்கே போட வேண்டும் என்பது முதலில் போட்ட திட்டத்திலேயே இருந்தது. அதை ஒழுங்காகச் செய்யவில்லை. கட்டுவதற்குப் பணம் வரும், திறப்பு விழா வரும், கல்வெட்டு வரும். வருஷா வருஷம் மணல் வாரிப் போடுவதற்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்? பிறகு 2018-19 வாக்கில் சென்னையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் ஒரு செயற்கைத் திட்டு போட்டது, மணல் கொஞ்சம் திரும்பி வந்தது, இன்றைக்குச் சுற்றுலாக்காரர்கள் செல்ஃபி எடுப்பது அந்த மணலில்தான். கெடுத்ததும் பொறியியல், திருத்தியதும் பொறியியல். நடுவில் போன 30 வருஷத்தை யாரிடம் கேட்பது?

நெய்வேலி ஐயாவுக்கு ஒரு கேள்வி. 2023 ஜூலையில் உங்கள் சுரங்கத்துக்காக வளையமாதேவியில் கதிர் வரும் நிலையில் இருந்த நெல்லுக்குள் எந்திரத்தை இறக்கி வாய்க்கால் வெட்டியதை ஊரே டிவியில் பார்த்தது. அந்த எந்திரத்தைப் பார்த்தும் உங்களுக்குச் சிலிர்த்ததா?

-----

பலாச்சுளை:

ஆப் வந்தால் மீன் விலை குறையுமா கூடுமா? அதை முதலில் சொல்லுங்கப்பா, வஞ்சிரம் பக்கம் போகவே முடியவில்லை.

-----

வேதியியல் வாத்தியார்:

குருசுகுப்பம் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன், விருத்தாசலத்தில் பாடம் எடுக்கும்போது பசங்களிடம் சொல்வதுதான்.

ஃப்ரிட்ஸ் ஹேபர் 1909-ல் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியா ஆக்கிக் காட்டினார், கார்ல் பாஷ் அதைப் பெரிய ஆலையாக்கினார், 1913-ல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கியது. நாம் மூட்டை மூட்டையாகப் போடும் யூரியா அதன் வழி வந்ததுதான். இன்றைக்கு உலகத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சாப்பிடும் சோறு அந்த ஒரு வேதிவினையால் விளைகிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். அதே ஹேபர்தான் 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தில் ஈப்ர் போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிடும் வேலையை முன்னின்று நடத்தினார். அவர் மனைவி கிளாராவும் வேதியியல் படித்தவர், சில நாளில் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். 1918-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு ஹேபருக்குக் கிடைத்தது.

இந்தக் கதையைச் சொன்னால் பசங்க உடனே "பார்த்தீங்களா சார், கத்தி மாதிரிதான்" என்பார்கள். உரம் நல்லது, விஷவாயு கெட்டது, முடிந்தது கதை. ஆனால் உரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் அதைத் தப்பாகப் பயன்படுத்தவில்லை, வயலுக்குத்தான் போட்டார்கள். பயிர் எடுத்தது போக மிச்சம் நிலத்தடி நீரில் நைட்ரேட்டாக இறங்குகிறது, ஆற்றில் கலந்து கடலுக்குப் போகிறது, கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போய்ப் பூமியைச் சூடாக்குகிறது. யார் போட்ட மூட்டையிலிருந்து போனது என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

இதில் ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். தாமஸ் மிட்ஜ்லி என்று ஒரு அமெரிக்கர், அவர் வேலையில் இரண்டு விஷயம் பெரிதாக வந்தது. ஒன்று பெட்ரோலில் ஈயம், இன்னொன்று ஃபிரிட்ஜில் போடும் சிஎஃப்சி வாயு. சிஎஃப்சி வந்தபோது எல்லாரும் நிம்மதியானார்கள், ஏனென்றால் அதற்கு முன்னால் ஃபிரிட்ஜில் இருந்தது கசிந்தால் ஆளைக் கொல்லும் வாயுக்கள். ஓசோனைத் தின்னும் என்று 1974 வரை யாருக்கும் தோன்றவில்லை. ஈயம் அப்படி இல்லை. அது விஷம் என்பது ஆதியிலிருந்தே தெரியும், ஆலையில் தொழிலாளிகள் செத்தார்கள், தெரிந்தே விற்றார்கள். நம் நாட்டில் அது 2000-ல்தான் நின்றது. தெரியாமல் செய்ததையும் தெரிந்து மறைத்ததையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. தெரியாமல் செய்ததற்கு மருந்து இருக்கிறது: 1985-ல் ஓசோன் ஓட்டையைக் கண்டார்கள், 1987-லேயே அந்த வாயுவைக் குறைக்க மான்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். நிறுத்தவே முடியாது என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் காட்டுவேன்.

கெடிலக்கரை தம்பிக்குச் சிக்கல் என்னவென்றால், உங்கள் ஆப் எந்த வகை? விளைவு தெரியாத வகையா, தெரிந்தும் பேசாமல் இருக்கும் வகையா? உங்கள் அப்பா கேட்ட கேள்வியைப் பார்த்தால் உங்கள் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கிறது.

-----

தேவனாம்பட்டினத்தான்:

எல்லாம் நல்லா எழுதுறீங்க. சுருக்குமடிக்காரன் நான். இந்தப் பேச்சு கடைசியில் எங்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் முன்னாடியே வந்துவிட்டேன்.

எங்கள் வலை மீன் மாப்பையே, அதாவது மொத்தக் கூட்டத்தையே, வளைத்துத் தூக்குகிறது, கடலை வழித்துவிடுகிறது என்கிறீர்கள். தமிழ்நாட்டில் 2000-ல் தடை போட்டார்கள். கோர்ட்டுக்குப் போய் 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இடைக்கால உத்தரவு கொடுத்தது, திங்கள், வியாழன் இரண்டு நாள், காலை 8 மணியிலிருந்து சாயந்திரம் 6 மணி வரை, 12 கடல் மைலுக்கு அப்பால், படகில் கண்காணிப்புக் கருவியோடு. இதற்குள் போய் மீனைத் தேடிப் பிடித்துத் திரும்பி வரணும். மீன் எந்தக் கிழமை வரும் என்று கேலண்டர் பார்த்தா வருகிறது?

இழுவைமடி அடி மண்ணைக் கீறி இழுக்கிறதே, அதில் நிறைய ஒன்றுக்கும் ஆகாத சங்காயம், குஞ்சும் குறுமானுமாக அள்ளிக் காயவைத்துக் கோழித் தீவனத்துக்குப் போகிறதே, அது யார் கொண்டுவந்தது? நாங்களா கேட்டோம்? 1950-களில் கேரளாவில் நார்வேக்காரன் திட்டத்தோடு தொடங்கியது, அப்புறம் அரசாங்கமே மானியம் கொடுத்து, எறால் ஏற்றுமதி ஆகிறது டாலர் வருகிறது என்று விசைப்படகு விசைப்படகாக இறக்கியது. அப்போது அதற்குப் பேர் முன்னேற்றம். அதோடு போட்டி போட முடியாமல் நாங்கள் வீட்டை அடகு வைத்து, பொம்பளைங்க நகையை வைத்துப் பெரிய வலை வாங்கினால் அதற்குப் பேர் பேராசை. சக்தி உள்ளவனுக்கு ஒழுக்கம் வேண்டும் என்று பாடம் நடத்துகிறவர்கள், சக்தி ஏழை கைக்கு வரும்போதுதான் பாடத்தைத் தொடங்குகிறார்கள்.

தம்பி ஆப் செய்யட்டும். முதல் ஆளாக நான் பணம் கட்டுகிறேன். டீசல் விற்கிற விலையில் மீனைத் தேடிச் சும்மா சுற்றுவதற்கு எவனாலும் ஆகாது.

-----

கெடிலக்கரை:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

தேவனாம்பட்டினம் அண்ணே, நீங்கள் டீசல் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கம்பெனிக்காரர்கள் சொல்வதும் அதேதான்: டீசல் மிச்சமாகும், புகை குறையும், கடலில் இருக்கும் நேரம் குறையும். ஆனால் தேடும் நேரம் மிச்சமானால் அந்த நேரத்தில் இன்னொரு பாடு, அதாவது இன்னொரு தடவை வலை, போடுவீர்களா, வீட்டுக்கு வருவீர்களா? உங்களைக் குறை சொல்லக் கேட்கவில்லை. என் அப்பாவாக இருந்தாலும் இன்னொரு பாடுதான் போடுவார். தேடுவதற்கு ஆகும் கஷ்டம்தான் இத்தனை நாள் மீனைக் காப்பாற்றி வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. யாரும் திட்டம் போட்டு அந்த வேலியைக் கட்டவில்லை, நம்மால் முடியவில்லை என்பதே வேலியாக நின்றது. நான் செய்யப்போகும் ஆப் அதைப் பிடுங்கிவிடும். பிடுங்கிய இடத்தில் வேறு எதையாவது நட வேண்டாமா?

வாத்தியார் சார், தெரிந்துகொண்டு பேசாமல் இருக்கும் வகைதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் தூக்கம் வரவில்லை.

-----

சுரங்கத்து மனுஷன்:

குருசுகுப்பம் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது. பரவனாற்றுத் தண்ணீருக்கு வழி பண்ணாவிட்டால் மழைக்காலத்தில் சுரங்கத்துக்குள் வெள்ளம் வரும், உள்ளே இருப்பவனும் மனுஷன்தான், மேலே வயல்காரனும் பாதிக்கப்படுவான், அதனால் வாய்க்கால் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அறுப்புக்குக் கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம். நெல் விளைந்து நிற்கும்போது எந்திரத்தை அதன் மேலே ஏற்றுவதைச் சிலிர்ப்போடு பார்க்கிறவன் விவசாயி வீட்டில் பிறந்தவனாக இருக்க மாட்டான். நான் விவசாயி வீட்டுப் பிள்ளை.

ஆனால் ஒன்று, நிலம் கொடுத்தவன் வீட்டிலும் அந்தக் கரண்ட்தான் எரிகிறது. இதை யாரும் எழுத மாட்டேன் என்கிறீர்கள்.

-----

மீன்கூடைக்காரி மகள்:

அரியாங்குப்பம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஆம்பளைங்க எல்லாரும் எந்திரத்தைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், எந்திரம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு பண்ணும் இடத்தைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

நம் கரையில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது, பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். புது வலை ஒன்று வந்தால் சும்மா இறக்கிவிட முடியாது. கூட்டம் போடுவார்கள். இந்த வலை மீனை விரட்டுகிறதா, பக்கத்துக்காரன் வலையைக் கெடுக்கிறதா, இல்லாதவனைத் தொழிலைவிட்டுத் துரத்துமா என்று பார்ப்பார்கள். சரிப்படாது என்றால் தடை, மீறினால் அபராதம். சில வலைகளுக்குச் சில காலத்தில் மட்டும் தடை. இதைக் கண்டுபிடிக்க எந்தப் பல்கலைக்கழகமும் தேவைப்படவில்லை. வாத்தியார் சொன்ன மான்ட்ரியலும் இதுதான், கொஞ்சம் பெரிய கூட்டம், அவ்வளவுதான். வருஷா வருஷம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கரை முழுக்க விசைப்படகுகள் கரையில் நிற்கின்றனவே, எந்திரமும் டீசலும் இருந்தும் ஆட்கள் போகாமல் இருக்கிறார்களே, அதுவும் இதே ஜாதிதான். கையில் சக்தி இருந்தால் மனுஷன் பயன்படுத்தாமல் இருக்க மாட்டான் என்று சொல்பவர்களைத் தடைக்காலத்தில் துறைமுகத்துக்குக் கூட்டிவந்து காட்டலாம்.

விசைப்படகு வந்தபோது அந்தப் பஞ்சாயத்து தோற்றது. ஏனென்றால் படகின் முதலாளி ஊரில் இல்லை, மானியம் கொடுத்த அரசாங்கமும் ஊரில் இல்லை. அபராதம் போட்டால் யார் கட்டுவது? எனக்குப் பயம் அங்கேதான். இந்தத் தம்பி ஆப்பின் முதலாளி எங்கே இருப்பார்? ஆப்பில் தப்பு நடந்தால் எந்த ஊர்க் கூட்டத்தில் வந்து உட்காருவார்?

பழைய பஞ்சாயத்தை ரொம்பப் புகழவும் நான் தயாரில்லை. மீனைத் தலையில் சுமந்து விற்று வீட்டை ஓட்டும் பொம்பளைங்களுக்கு அங்கே உட்கார இடம் கிடையாது. ஐஸ் பெட்டியோடு வண்டிக்கார வியாபாரி வந்து ஏலத்தில் மொத்தமாக அள்ளிக்கொண்டு போனபோது எங்கள் அம்மா மாதிரி ஆட்களைக் கேட்டா முடிவு பண்ணினார்கள்?

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. நல்லவாடு கதை இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-லிருந்து வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமங்களில் தகவல் மையம் நடத்தியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்த அலை உயரத்தை எடுத்து வீராம்பட்டினத்தில் மைக்கில் தமிழில் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்ப் பையன் அங்கே டிவியில் பார்த்துவிட்டு நல்லவாட்டுக்குப் போன் பண்ணினான். மையத்து மைக் ஊர்க்காரர்கள் கையில் இருந்தது. உடனே கத்தினார்கள், 3000 பேருக்கு மேல் இருந்த ஊர் மேட்டுக்கு ஓடித் தப்பித்தது. பக்கத்திலேயே கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். செயற்கைக்கோள், டிவி, போன் எல்லாம் அன்றைக்கு எல்லா ஊருக்கும் மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தன. மைக் எந்த ஊரில், யார் கையில் இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

அதனால் தம்பி, என் கேள்வி இதுதான். அந்த எக்கோ சவுண்டர் பதிவை மீனவர்களிடமிருந்து வாங்குகிறீர்கள். கடலில் எவ்வளவு மீன் மிச்சம் இருக்கிறது, போன வருஷத்தைவிடக் குறைகிறதா என்பதும் அதே பதிவிலிருந்து தெரியுமா தெரியாதா? தெரியும் என்றால் அதை யாருக்குக் காட்டப் போகிறீர்கள்?

-----

வேதியியல் வாத்தியார்:

அம்மா போட்டது சரியான கேள்வி. இதையொட்டி இன்னொன்று. 2004-ல் நம்ம கடலூர் சிப்காட் பகுதிக் கிராமங்களில் மக்களே பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் ஒரு பையை வைத்துக் காற்றைப் பிடித்து, வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பிப் பரிசோதித்தார்கள். எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து என்ன நாற்றம் வந்தது என்று நோட்டில் எழுதி வைத்தார்கள். அதுவரைக்கும் "நாற்றம்தானே, அதற்கென்ன ஆதாரம்" என்று சொல்லிவந்தவர்களிடம் அதற்குப் பிறகு வேதிப்பொருளின் பேரைச் சொல்லிக் கேட்க முடிந்தது. செய்கிற சக்தி ஒரு பக்கமும், அதை அளக்கிற சக்தி இன்னொரு பக்கமும் வளர வேண்டும். நம் ஊரில் முதலாவதற்குத்தான் கடன் கிடைக்கும்.

-----

கெடிலக்கரை:

அக்கா, தெரியும். போன மாசத்தைவிட இந்த மாசம் ஒரே இடத்தில் சிக்னல் குறைந்தால் அது பதிவிலேயே இருக்கும். இதுவரைக்கும் அந்தத் திசையில் யாரும் யோசிக்கவே இல்லை, நானும்தான். மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்துக்குப் பணம் கட்டுவார்கள், மீன் தீர்ந்துவரும் இடத்தைக் காட்டினால் எவன் பணம் கட்டுவான் என்று மேலாளர் கேட்பார்.

கேட்கட்டும். திங்கட்கிழமை கூட்டத்தில் இரண்டு விஷயம் வைக்கப் போகிறேன். பதிவு கொடுக்கும் ஊர்களுக்கு அந்தக் குறைவுக் கணக்கு இலவசமாக, தமிழில் போக வேண்டும். முட்டையிடும் காலத்தில் கரையோரக் கடலை ஆப் காட்டவே கூடாது. ஒத்துக்கொண்டால் எழுதுகிறேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை, வீட்டுக் கடன் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை.

-----

தேவனாம்பட்டினத்தான்:

குறையுது என்று நீ ஊர் ஊராகத் தமிழில் சொல்லிவிட்டால், அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு போய் முதலில் சுருக்குமடியைத்தான் முழுசாகத் தடை பண்ணுவார்கள், இழுவைமடி அப்படியே ஓடும். அதற்கு என்ன வழி வைத்திருக்கிறாய்?

-----

கெடிலக்கரை:

எந்த இடத்தில், எந்த ஆழத்தில் குறைந்தது என்பதும் கணக்கில் இருக்கும் அண்ணே. அடிக்கடலில் குறைந்தால் அது உங்கள் வலையால் இல்லை என்பது தெரிந்துவிடும். மேல்நீரில் மத்தியும் காணாங்கெளுத்தியும் குறைந்தால் அதுவும் தெரிந்துவிடும், அதை மறைக்க மாட்டேன்.

-----

தேவனாம்பட்டினத்தான்:

சரி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வா. எங்கள் படகுப் பதிவைத் தருகிறேன், விலைக்கு இல்லை. ஆனால் அந்தக் கணக்கை முதலில் எங்கள் ஊர்க் கூட்டத்தில் வந்து காட்டணும், கலெக்டர் ஆபீசுக்கு அப்புறம் போ.

-----

மீன்கூடைக்காரி மகள்:

கூட்டத்தில் பொம்பளைங்களும் உட்காரணும். அதை ஒத்துக்கொண்டால் நானும் வருகிறேன்.